தீட்டு கழியாத நூல்

என் மாமனார் செத்தபோது விட்டுப்போனது ஒரு வீடு, ஆறு தறி, ஒரு நோட்டு. வீடும் தறியும் ஒழுங்காக என் கைக்கு வந்து சேர்ந்தன. நோட்டுதான் வம்பு செய்தது.

சும்மா ஒன்றும் வந்து சேரவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் சுப்பராயலு, என் வீட்டுக்காரர். இளையவன் குமரேசன், அப்பா போன இரண்டாம் வருஷமே மஞ்சள் காமாலையில் போனான். பாகம் பிரிக்காத வீடு. அவன் பெண்டாட்டி திலகவதியும் அவர்களுடைய ஒரே பெண் பானுப்ரியாவும் பின்னறையில் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் விட்டிருந்தேன். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. சாவி வைத்திருப்பவள் விட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் கிளம்பலாம். இதில் ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது?

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம் சென்னையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரம்மா ஆரணியில் எங்கள் வாசலில் காரில் வந்து இறங்கினாள். மடியில் ஒரு பழைய புடவை. அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு என் மாமனார் நெய்து கொடுத்ததாம். விரித்துப் போட்டாள். பட்டுப் புடவை என்றால் கலகலவென்று சத்தம் போடும், விறைத்து நிற்கும், உடம்பில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். இது அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் தண்ணீர் ஊற்றினாற்போல் தரையில் விழுந்தது. நாற்பது வருஷத்துப் புடவை. இதே மாதிரி ஒன்று நெய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் கார்த்திகை முகூர்த்தங்களுக்கு முப்பது புடவை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் எடுப்பாளாம்.

என் மகன் ராஜ்குமாருக்கு அப்போது இருபது வயது. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பரணில் ஏறித் தாத்தாவின் டிசைன் நோட்டை இறக்கினான். அந்தப் புடவையின் பக்கமும் கிடைத்தது. கட்டம் போட்ட தாளில் கரையும் முந்தியும் முத்து முத்தாய் வரைந்திருந்தார். எவனும் பார்த்து நெய்துவிடலாம். ஆனால் என்ன நூல், எப்படிப்பட்ட நூல் என்று கீழே மூன்று வரி எழுதியிருந்தாரே, அதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

‘பாவு ஊமை. ஊடை கிழக்கு இரண்டு வீச்சு, மேற்கு இரண்டு வீச்சு. தீட்டு கழித்துத் தறி ஏற்றவும்.’

“இது இன்னாம்மா, நூலா சோசியமா?” என்றான் ராஜ்குமார்.

என் வீட்டுக்காரரைக் கேட்டால், “அப்பா பாஷை அது. வேற வீட்டுக்காரன் நோட்ட எடுத்தாலும் நெய்யக் கூடாதுன்னு ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பேரு வெச்சிருந்தாரு. நான் தறியில உக்காந்தவன். நூலு எனக்கு ரெடியா வந்துடும்” என்றார். நூலை ரெடி செய்து கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பதினோரு வருஷம் மாமனாருக்கு நூல் முறுக்கும் ராட்டினம் சுற்றியவள் திலகவதி. நான் அந்த ராட்டினத்தைத் தொட்டதே கிடையாது. மூத்த மருமகள் ராட்டினம் சுற்றினால் அப்புறம் சாவியை யார் சுற்றுவது?

அதில் ஒரு சங்கடம். அந்த ஆடியில்தான் திலகவதிக்கு நான் கெடு வைத்திருந்தேன். பின்னறையில் இரண்டு பவர்லூம் போட வேண்டும், ஆவணிக்குள் காலி செய்து கொடு என்று சொல்லியிருந்தேன். பானு எட்டாவது படிக்கிறாள், பத்தாவது முடிக்கும்வரை இருக்கிறோம் என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முடியாது என்று சொல்லி நாலு நாள்கூட ஆகவில்லை. இப்போது அவளிடமே போய் நிற்க வேண்டும். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

போனேன். என் வீட்டுக்காரரால் போக முடியாது. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் நிற்க மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். அவருக்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் வாய் வழியாகத்தான். அவள் அவருக்குச் சொல்ல வேண்டியதும் என் வாய் வழியாகத்தான். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது. ராஜ்குமாரோ பெங்களூருக்கும் சென்னைக்குமாக நூல் வாங்க அலைந்துகொண்டிருந்தான்.

பின்னறையில் பானு தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திலகவதி எழுந்து நின்றாள். நோட்டை நீட்டினேன். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும் என்ற சிரிப்பு அது.

“சொல்றேங்க்கா. எனக்கு இந்த ரூம விட்டுடுங்க. பானு படிச்சு முடிக்கிற வரைக்கும்” என்றாள்.

“படிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னாடி, உன் ஆயுசுக்கும் நீயே வெச்சுக்கோ” என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். “ராஜ்குமார் மேல சத்தியம்” என்றேன். பெற்ற பிள்ளை மேல் ஒருத்தி பொய்ச் சத்தியம் செய்வாள் என்று திலகவதிக்குத் தோன்றாது. அவளுடைய கோளாறே அதுதான்.

மடமடவென்று சொல்லிவிட்டாள். நீள நூலான பாவுக்கு ஊமை. ஊமை என்றால் முறுக்கே ஏற்றாத நூல், விரலில் உருட்டினாலும் சத்தம் வராது. கிழக்கும் மேற்கும் முறுக்கின் பக்கம். ராட்டினத்தின் முன் வடக்குப் பார்த்து உட்கார்ந்தால், சக்கரத்தின் தலை கிழக்கே ஓடும்படி சுற்றியது கிழக்கு நூல், மேற்கே ஓடும்படி சுற்றியது மேற்கு நூல். நாடாவின் இரண்டிரண்டு வீச்சுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் குறுக்கு நூலான ஊடையில் போட்டால் ஒன்று இழுக்கிற பக்கம் இன்னொன்று விடாது, துணி ஒரு பக்கமாகச் சாயாது. அந்தப் புடவை அப்படி விழுகிற ரகசியம் இதுதான்.

“தீட்டு?” என்றேன்.

“புதுசா முறுக்குன நூலுக்குத் தீட்டுன்னு மாமா சொல்லுவாரு. ஈரத்துணி சுத்திப் பானையில மூடி வெச்சுடணும். பத்து நாள் யாரும் தொடக் கூடாது, புள்ள பொறந்த ஊடு மாதிரி. முறுக்குன நூலுக்குக் கோவம் இருக்கும்க்கா. பத்து நாள்ல அடங்கிடும். அடங்காம தறியில ஏத்தினா, இழுத்துப் புடிச்சிருக்கிற வரைக்கும் சும்மா கெடக்கும். ஈரம் பட்டா எழுந்துக்கும்.”

மாதிரிப் புடவைக்கு அவளே நூல் முறுக்கினாள். பின்னறையிலேயே பானையில் போட்டு மூடினாள், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வருவதே இல்லை. நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நாள் முழுசாகப் போனது. அந்தப் பத்து நாளும் வேளா வேளைக்கு என் அடுப்பில் வெந்த சோறு பின்னறைக்குப் போனது. காரியம் ஆக வேண்டுமே, அனுப்பினேன். புடவை தறியிலிருந்து இறங்கியதும் கடைக்காரம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்படியே அம்மா புடவை என்று அழுதாள். முப்பது புடவைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முப்பது புடவைக்கு ஒரு ராட்டினம் போதாது. வெளியே முறுக்கு மிஷினில் கொடுத்தோம். எது கிழக்கு, எது மேற்கு என்றுதான் இப்போது எங்களுக்கே தெரியுமே. மிஷின்காரன் இழுத்தடித்துப் புரட்டாசி பாதியில்தான் நூலைக் கொடுத்தான். சென்னையிலிருந்து தினம் போன். தறிக்காரர்கள் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திலகவதி என்னிடம் வந்தாள்.

“அக்கா, மிஷின் முறுக்கு இன்னும் கெட்டியா இருக்குது. இதுக்கும் தீட்டு கழியணும். பத்து நாள் பானையில வெச்சுடலாம்.”

தன்னைப் போலப் பிறரையும் நினை என்பார்கள். நினைத்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி நம்மை எவள் மதிப்பாள் என்று பயந்து, ஒவ்வொரு நடைக்கும் பத்து நாள் பத்து நாள் என்று இழுப்பேன். நான் இல்லாமல் தறி ஓடாது என்று காட்டுவேன். அவளும் அதைத்தான் செய்கிறாள் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்தது. பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

“தாலி அறுத்தவ தீட்டப் பத்திப் பேச வந்துட்டியா?” என்றேன். “உன் தீட்டே இந்த ஊட்ல கழியல.”

கூடத்து மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பானு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் பார்வை கூடாது.

அன்று சாயந்திரமே என் வீட்டுக்காரர் நோட்டைக் காட்டிக் கேட்டார், “தீட்டு கழித்துன்னு போட்டிருக்கே, அதுக்கு இன்னா சொன்னா?” நல்ல நாள் பார்த்துத் தறி ஏற்ற வேண்டும் என்று அர்த்தம் என்றேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை நன்றாக இருந்தது. ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை திலகவதியின் சாமான்களைத் தெருவில் வைத்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி, நாலு பாத்திரம், பானுவின் புத்தகப் பை. சத்தியம் செய்தீர்களே என்று கேட்டாள். செய்தேன், இப்போது முடியவில்லை என்றேன். ராட்டினத்தையாவது கொடுங்கள், நூல் முறுக்கிப் பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். அது வீட்டுச் சொத்து என்றேன். அவள் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஒரு குடிசை பிடித்துக்கொண்டு அங்குள்ள நெசவு வீடுகளுக்குத் தார் சுற்ற, நாடாக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றித் தரும் கூலி வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். ராட்டினத்தை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். காய்ந்த மரம், நன்றாக எரிந்தது.

முப்பது புடவையும் தறியிலிருந்து மாதிரியைப் போலவே அழகாக இறங்கின. எனக்கு என் புத்தியை நினைத்தே பெருமையாக இருந்தது. பத்து நாளாவது தீட்டாவது!

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. சென்னையில் ஒரு பெண் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு காரிலிருந்து மண்டபத்துக்குள் ஓடியிருக்கிறாள். இருபது அடி தூரம்தான், நாலு தூறல்தான். மணவறையில் உட்காரும்போது கணுக்காலில் இருந்த கரை, எழுந்திருக்கும்போது ஆடுசதைக்கு ஏறிவிட்டது. ஊடை முழுக்கச் சுருண்டு, இரண்டு கரையும் அப்பளம்போல் நெளிந்து நின்றதாம். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம். அதே மாதத்தில் இன்னும் மூன்று கல்யாணத்தில் அதே கூத்து. கடைக்காரம்மா விற்றதும் விற்காததுமாக எல்லாவற்றையும் மூட்டை கட்டி எங்கள் வாசலில் இறக்கினாள். கூடவே ஆரணி வியாபாரிகள் பத்துப் பேரிடம் எங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரர் ஒரு புடவையை எடுத்து அதன் மேல் செம்புத் தண்ணீரைத் தெளித்தார். துணி அவர் கண் முன்னாலேயே புழுப்போல் நெளிந்து ஏறியது. நானும் பார்த்தேன். ஈரம் பட்டா எழுந்துக்கும். அவள் சொன்ன அதே வார்த்தைகள் என் காதில் கேட்டன. 

“நூலப் பத்தி அவ எல்லாத்தையும் சொன்னாளா?” என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் இருந்தது எனக்கு. சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இடுப்புச் சாவி என்ன ஆகும்?

“எங்க சொன்னா! கிழக்க மேற்குன்னும் மேற்க கிழக்குன்னும் மாத்திச் சொல்லியிருக்கா. ஊட்ட விட்டு அனுப்பப் போறோம்னு தெரிஞ்சு வேணும்னே செஞ்சிருக்கா” என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ, அவ்வளவு பொருத்தமாக வந்தது. இரண்டையும் இடம் மாற்றினால் ஒன்றும் ஆகாது என்று கண்டுபிடிக்க, தறியில் மட்டும் உட்கார்ந்தவருக்கு நூல் வேலை தெரியாது. அவர் நம்பினார். ராஜ்குமார் பல்லைக் கடித்தான். அன்றிலிருந்து சித்தி என்ற வார்த்தையை அவன் வாயால் சொல்லவில்லை.

நெசவுத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், சோறு கேட்டாலும் கொடுப்பார்கள். நூலைக் கெடுத்த கை என்று பெயர் வந்துவிட்டால் அந்தக் கையில் ஒரு கழி நூலைக் கொடுக்க மாட்டார்கள். புருஷன் வீட்டு நூலையே கெடுத்தவள் என்று நான் கோயிலில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், கறிகாய்க் கடையில் சொன்னேன். இரண்டே வாரத்தில் முள்ளிப்பட்டில் அவளுக்குத் தார் சுற்றும் வேலை நின்றது.

மார்கழியில் ஒரு நாள் காலையில் வந்தாள். வாசலோடு நின்றாள். பானு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ராஜ்குமார் கடைக்காரம்மா காலைப் பிடிக்கச் சென்னைக்குப் போயிருந்தான்.

“ரூம் வேணாம்க்கா. ராட்டினம் வேணாம். நான் சொன்னேன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னதும் நீங்க கேக்காததும் தெருவுக்குத் தெரிய வேணாம். உள்ள இருக்கிற மாமாவுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். அவரு ஒரு வார்த்த சொன்னா எனக்கு நூலு குடுப்பாங்க.”

“சொன்னா தானே சொல்றதுக்கு?” என்றேன்.

அப்போது அவள் ஒன்று செய்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, “மாமா!” என்று கூப்பிட்டாள். உள்ளே என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்திருந்தார். “மாமா, பத்து நாள் ஆற வெக்கணும்னு அக்கா கிட்ட நான் சொன்னேன்” என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். தலையைத் தூக்காமல், “தெய்வநாயகி, அவ இன்னா சொல்றா?” என்று என்னைக் கேட்டார்.

“கூலி பாக்கி இருக்குதாம், கேக்கறா” என்றேன்.

“குடுத்து அனுப்பு” என்றார்.

இருபது ரூபாயை அவள் முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. பானுதான் குனிந்து எடுத்தாள். எடுத்து மடித்து, என் வாசல் கோலத்தின் நடுவில் வைத்துவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். திமிர் பிடித்த கழுதை.

திலகவதி ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பானுவுக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. ஐந்து வருஷம் கழித்துத் திலகவதி நெஞ்சு வலியில் செத்தாள். சாவுச் செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது. போகவில்லை. செத்தவள் திரும்பி வந்து சாட்சி சொல்ல மாட்டாள் என்று அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. மனசில் இருந்ததைச் சொல்கிறேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரி. இரண்டாயிரத்து நாலு வைகாசியில் ராஜ்குமாருக்குக் கல்யாணம் வைத்தோம். பெண் தேசூர், பெயர் உதயா. ஊரே முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுக்கும். இவனுக்கு மட்டும் ஓர் ஆசை வந்தது.

“தாத்தா நோட்ல இருக்கிற அந்தப் பொடவையத்தான் உதயா கட்டணும். அந்தப் பொம்பள மாத்திச் சொன்னதாலதான கெட்டுப் போச்சு? இப்போ நான் கிழக்கயும் மேற்கயும் திருப்பிப் போட்டு முறுக்கச் சொல்லிட்டேன். நம்ம பேரு கெட்ட பொடவையாலயே பேர எடுக்கலாம்மா.”

என் பொய் ஏழு வருஷம் கழித்து என் மகன் வாயிலிருந்து பாடமாக வருகிறது. நூல் வந்து இறங்கியபோது கல்யாணத்துக்குப் பதினான்கு நாள். முறுக்கின் சூடு ஆறாத நூல். பக்கத்தில் போய் நின்றேன்.

“பத்து நாள் ஈரத்துணி சுத்திப் பானையில வெச்சு ஏத்தேன்” என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான். நல்லது.”

“உனக்கு எல்லாத்துக்கும் சகுனம். அப்புறம் நாலு நாள்ல யாரு நெய்யறது? பேஜார் பண்ணாதம்மா” என்று சொல்லிவிட்டுத் தறிக்கு அனுப்பினான். பத்து நாள் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. நான் திலகவதியை நம்பினேனா, அவன் என்னை நம்ப?

பத்தாம் நாள் புடவை இறங்கியது. அரக்குச் சிவப்பு, மாம்பழக் கரை. ராஜ்குமார் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தான். “ஓரத்துல கொஞ்சம் தெளிச்சுப் பாத்துடலாம், மனசுக்கு நிம்மதி” என்றான்.

ஒரு சொட்டு விழுந்திருந்தால் போதும். புடவை கெட்டது என்று தெரிந்திருக்கும். ஆரணியில் புடவைக்கா பஞ்சம், ஓடிப்போய் வேறு ஒன்று எடுத்திருக்கலாம். உதயாவின் மானம் தப்பியிருக்கும். ஆனால் கிழக்கும் மேற்கும் காரணம் இல்லை என்று அதே சொட்டில் தெரிந்துபோகும். பிறகு என்னதான் காரணம் என்று தேடுவான். பத்து நாள் என்று அம்மா சொன்னாளே, அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான்.

செம்பைப் பிடுங்கினேன். “கல்யாணப் பொடவைய முகூர்த்தத்துக்கு முன்னாடி நனைப்பாங்களாடா? அறுதலி வேலை அது” என்று கத்தினேன். பயந்து போனான்.

அடுத்த நாலு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை. வைகாசி வெயில் குறையட்டும், அந்தப் பெண்ணுக்கு வியர்க்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மண்டபத்தில் கூடுதலாக நாலு பெடஸ்டல் ஃபேன் வைக்கச் சொன்னேன். மருமகள் மேல் இவ்வளவு பாசமா என்று சம்பந்தி அம்மாளுக்குக் கண் கலங்கியது.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. கரண்டு எட்டே முக்காலுக்குப் போனது.

ஓமப் புகை, அறுநூறு பேர் மூச்சு, உதயா நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி ஏறியது. கெட்டி மேளம் கொட்டினார்கள். அட்சதையும் பன்னீரும் சேர்ந்து விழுந்தன. எவள் பன்னீர் தெளித்தாளோ, அவள் கை விளங்காமல் போக. அக்கினியைச் சுற்றி வந்து, உதயா அம்மி மேல் காலைத் தூக்கி வைத்தாள்.

கூட்டத்தில் ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது. கரை ஆடுசதைக்கு மேலே, நெளிந்துகொண்டு நின்றது. உதயா குனிந்து இழுத்துவிட்டாள். விட்டதும் மறுபடி ஏறியது. தேசூர்க்காரர்கள் பக்கத்தில் யாரோ, “மாப்ள ஊட்ல துணிப் பஞ்சமா?” என்றார்கள். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மெட்டி போடுவதற்காக ராஜ்குமார் அவள் காலடியில் குனிந்திருந்தான். கரைக்கு நேராக அவன் முகம்.

அப்போது பின்வரிசையிலிருந்து சுடிதார் போட்ட ஒருத்தி எழுந்து வந்தாள். உயரம் அப்படியே குமரேசன். அவளுக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னேன். தம்பி ரத்தம் என்று என் வீட்டுக்காரர்தான் அனுப்பியிருந்தார். பானு நேராக மணவறை ஏறித் தன் துப்பட்டாவை எடுத்து, உதயா இடுப்பில் செருகிப் பாதம் வரைக்கும் இறக்கிவிட்டாள். கண்ணீரைத் துடைத்துவிட்டாள். பிறகு ராஜ்குமாரிடம் குனிந்து சாதாரணமாகச் சொன்னாள்.

“நூலு தீட்டு கழியலண்ணா. பத்து நாள் பானையில வெச்சிருக்கணும்.”

“உனக்கு யாரு சொன்னா?” என்றான்.

“அம்மா பெரியம்மா கிட்ட ரெண்டு வாட்டி சொன்னாங்க. நான் பக்கத்துலதான் கணக்குப் போட்டுகினு இருந்தேன்.”

மேளம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் காதில் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு வாசல்ல அவ இதத்தான் கத்துனா. என் காதுல உழுந்துது. உழலன்னு உக்காந்திருந்தேன்” என்றார். “சொல்லு. சொன்னாளா?”

ராஜ்குமார் மெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான். செம்பைப் பிடுங்கியது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கண்ணிலேயே தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

“நல்ல நேரம் போவுது. மெட்டியப் போடு” என்றேன்.

போட்டான். பிறகு இரண்டு பேரும் பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். சம்பந்திகள் காலில் விழுந்தார்கள், அவன் அப்பா காலில் விழுந்தார்கள். நான் கை நிறைய அட்சதையை வைத்துக்கொண்டு நின்றேன். ராஜ்குமார் உதயாவின் கையைப் பிடித்து என்னைத் தாண்டி இட்டுக்கொண்டு போனான். அட்சதை உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

இப்போது சாவி உதயாவிடம் இருக்கிறது. முன்கட்டில் பானு வாரம் ஒரு நாள் ராணிப்பேட்டையிலிருந்து வந்து, தாத்தா நோட்டில் இருக்கிற நூல் பெயர்களை எல்லாம் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி ராஜ்குமாருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைக்கிறாள். எனக்குப் பின்னறை கொடுத்திருக்கிறார்கள். பவர்லூம் போட்டு, எடுத்து, தரை முழுக்க எண்ணெய்க் கறை. உதயா நல்ல பெண். வேளா வேளைக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறாள்.

“சித்தி சொன்னாங்க, நான்தான் கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க அத்த. அவரே வந்து உங்கள முன்கட்டுக்கு இட்டுகினு போயிடுவாரு” என்று தினமும் சொல்கிறாள்.

சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்களிடம் சொன்னது வேறு. அவர்களிடம் சொல்ல மாட்டேன்.